பிடுகு எழுநூற்றைம்பது

ஹைமவதியின் கம்ப்யூட்டர் இரண்டு வாரத்தில் இரண்டு முறை அணைந்துபோனது. சும்மா கிடக்கும்போது அணைந்திருந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? இரண்டு முறையும் ஆட்டத்தின் உச்சத்தில், எதிரணி இவர்கள் கோட்டைக்குத் தீ வைத்த நேரத்தில்தான் திரை கறுத்தது. ஐந்து பேர் அணி நாலு பேரோடு நின்று தோற்றது. அணித்தலைவன் வம்ஷி குழுவில் எழுதிவிட்டான்: "இனிமே ஆட்டத்து நடுவுல யார் மெஷின் அணைஞ்சாலும் அவங்க வெளிய. இதான் ரூல்." கரீம்நகரில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயசுப் பயலுக்கு வாயைப் பாருங்கள்.

ஹைமவதிக்கு முப்பத்தாறு. நாச்சாரத்தில் ஒரு பால் கம்பெனியில் காலை முதல் பாலைச் சோதிப்பது அவள் வேலை. வீட்டில் அவள் கொழுந்தனுக்கு வதினா, மாமியாருக்குக் கோடலு, பிள்ளைக்கு அம்மா. அவளை அவளாகவே வைத்திருந்த ஒரே இடம் அந்த அணிதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்குத் துளியும் மனமில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். தீ எரியும் காட்சி வந்தால் கிராபிக்ஸ் கார்டு மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்கும். பழைய பவர் சப்ளை கையை விரித்துவிடும். புதிதாக ஒன்று வாங்க வேண்டும், அதுவும் இன்றைக்கே. சாயங்காலம் நாலு மணிக்குத் தகுதிச் சுற்று.

மதியம் கொழுந்தன் சைதுலு கம்ப்யூட்டரைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொள்ள, இரண்டு பேரும் ஆட்டோவில் செகந்திராபாத் கம்ப்யூட்டர் பஜாருக்கு வந்து இறங்கினார்கள். யாதகிரியின் கடை மூன்றாம் மாடி. பெஞ்சில் கம்ப்யூட்டரை இறக்கியதும் சைதுலு நிபுணனாகிவிட்டான். "அண்ணா, அந்தப் பிடுகு எழுநூத்தி அம்பதை எடு. வம்ஷியும் அதைத்தான் சொன்னான். அவன் வெச்சிருக்கறதும் அதான்."

தெலுங்கில் பிடுகு என்றால் இடி. பெட்டியின் மேல் இடி விழுகிற படமும் போட்டிருந்தார்கள். சைதுலு அதை உள்ளங்கையில் ஏந்தி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். பிறகு பக்கத்திலிருந்த அறுநூற்றைம்பது வாட் சரக்கை ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இது காத்து மாதிரி இருக்கு வதினா. பிடுகைப் புடிச்சுப் பாரு, செங்கல்லு. கனமா இருந்தா உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம்."

"யார் சொன்னா?"

"இதை வேற யாராவது சொல்லணுமா? பஜார் முழுக்க அப்படித்தான் வாங்கறாங்க."

"அது உண்மைதான் அக்கா," என்றார் யாதகிரி. "நல்லதுல செம்பும் அலுமினியமும் நிறைய போடுவான். கனம் வரும். பதினோரு வருஷமா என் கையே எனக்குத் தராசு."

ஹைமவதி பிடுகை வாங்கிப் பார்த்தாள். கனம்தான். ஆனால் அவள் புத்திக்குள் ஏதோ ஒன்று நமைச்சல் எடுத்தது. "எல்லாரும் கனத்தைத்தான் பாப்பாங்கன்னு இதைச் செய்யறவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா?" என்றான் சைதுலு.

"அதான் கேக்கறேன். பாலுல தண்ணி ஊத்துனா லாக்டோமீட்டர் காட்டிக்குடுக்கும். அதனால ஊத்தறவன் கூடவே ஒரு புடி சர்க்கரையையும் போட்டுடுவான். மீட்டர்ல பால் சுத்தமா நிக்கும். நாம எதைப் பாக்கறோமோ அதைத்தான் திருடன் மொதல்ல சரி பண்ணுவான்."

"ஆரம்பிச்சுட்டா," என்று சைதுலு தலையில் கை வைத்தான். "அண்ணா, எங்க வதினா கல்யாணத்துல தாலியையே ரெண்டு தடவை உரசிப் பாத்தவ."

"ரெண்டாவது தடவை உங்கண்ணனை உரசிப் பாத்திருக்கணும்," என்றாள் அவள், கண்ணை எடுக்காமலேயே.

மேசையிலிருந்த தடித்த மார்க்கர் பேனாவைக் கிடத்தினாள். அதன்மேல், பேனா நட்டநடுவில் வரும்படி, பிடுகை வைத்தாள். சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. எடுத்துத் திருப்பி வைத்தாள். மறுபடியும் அதே மூலை இறங்கியது. வயர் வெளியே வருகிற பக்கம் இறங்கினால் ஒரு நியாயம் உண்டு. இது நேர் எதிர் மூலை.

"அங்க என்ன இருக்கு?"

யாதகிரிக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவரை உறுத்தியது. "பிரிச்சா கம்பெனி திரும்ப எடுக்க மாட்டான்," என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே திருப்புளியையும் எடுத்தார். நாலு ஆணி கழன்றது. மூடி திறந்தது. மூன்று தலைகளும் முட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தன.

உள்ளே பாதிக்கு மேல் காலி. சின்னதாக ஒரு பலகை, சுண்டைக்காய் அளவில் நாலு சுருள். அந்த மூலையில், பிசின் போட்டு அழுத்தமாக ஒட்டிய சிமென்ட் கட்டி ஒன்று.

"எழுநூத்தி அம்பதா இது? முந்நூறுகூடத் தாங்காது," என்று யாதகிரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்டிப்போனது. "என் கையாலயே முப்பது பேருக்குக் குடுத்திருக்கேன் அக்கா. தூக்கிப் பாருங்க, தூக்கிப் பாருங்கன்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவருக்காக ஹைமவதிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மணி மூன்றே கால்.

சைதுலு அவசர அவசரமாக அந்த அறுநூற்றைம்பதைப் பேனாமேல் வைத்தான். லேசாக ஆடி நின்றது. "ஆ, இது நல்லது. கெளம்பலாம்."

"பேனா சொன்னா ஆச்சா? நாளைக்கு எல்லாரும் பேனாமேல வெச்சுப் பாக்க ஆரம்பிச்சா, அவன் நாலு மூலைக்கும் சிமென்ட் வெப்பான்."

"அப்ப என்னதான் பண்றது?"

"பாலைக் காய்ச்சித்தான் பாக்கணும். அண்ணா, இதை என் மெஷின்ல இங்கயே மாட்டுங்க. ஆட்டத்தை இங்கயே ஆடறேன்."

"அணைஞ்சுபோச்சுன்னா?" என்றான் சைதுலு. முதல்முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

"அணைஞ்சா வீட்லயும்தான் அணையும்."

யாதகிரி மாட்டி முடித்தபோது நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஓரமாகக் கிடந்த ஒரு திரையையும் கீபோர்டையும் இழுத்து அவள் முன்னால் வைத்தார், இரானி டீ சொன்னார், அவள் அதைத் தொடவே இல்லை. ஆட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் அவள் ஆடிக்கொண்டிருக்க, மறுபக்கம் யாதகிரி அலமாரியிலிருந்த பிடுகுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பேனாமேல் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே மூலைக்கு விழுந்தன. பிறகு பழைய பில் புத்தகத்தை எடுத்துவைத்து, வாங்கியவர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

முப்பத்தொன்றாவது நிமிடத்தில் எதிரணியினர் கோட்டைக்குத் தீ வைத்தார்கள். திரை முழுக்கச் செந்தீ. பெட்டிக்குள் காற்றாடி இரைந்தது. சைதுலு கண்ணை மூடிக்கொண்டான். யாதகிரி போனைக் காதிலிருந்து இறக்கினார். ஹைமவதியின் கை நிற்கவில்லை.

திரை கறுக்கவில்லை. தீ எரிந்துகொண்டே இருந்தது.

ஆனால் கோட்டை வாசலில் நின்ற வம்ஷியின் வீரன் வாளை ஓங்கியபடி அப்படியே உறைந்தான். மூன்று விநாடி. பிறகு மேலே ஒரு வரி வந்தது: வம்ஷி ஆட்டத்திலிருந்து வெளியேறினார்.

நாலு பேரோடு ஆடி அந்த அணிக்கு நல்ல பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கொடுத்ததே ஹைமவதிதான். வாசலில் அவள் போய் நின்றாள். மற்ற மூவரும் பின்னால் சேர்ந்தார்கள். ஒன்பது நிமிடம் தம் கட்டி நின்று ஜெயித்தார்கள். சைதுலு போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் ஆறிப்போன டீயை எடுத்தபோது போன் அடித்தது. வம்ஷி. இரண்டு வாரமாகக் குழுவில் அதிகாரம் செய்த குரல் அது இல்லை.

"அக்கா, என்னாச்சுன்னே தெரியல. தீ வெச்சாங்க, எல்லாம் கறுத்துப்போச்சு. கரி வாசனை வேற அடிக்குது. அந்த ரூல் நான் போட்டதுதான். தெரியும்க்கா."

சைதுலு, அவனும் வெளியே என்கிற மாதிரி, கட்டைவிரலை வாசல் பக்கம் காட்டினான். யாதகிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் தூக்கமில்லாமல் புரண்டது ஹைமவதிக்கு நினைவு வந்தது.

"ரூல் கெடக்கட்டும். மொதல்ல பிளக்கைப் புடுங்கு," என்றாள் அவள். "புடுங்கிட்டியா? சரி. அந்தப் பெட்டி ஆறட்டும். ஆறுனதும் வெளிய கழட்டி வை. பக்கத்துல பேனா ஏதாவது இருக்கா?"