ஐந்தரை மணிக் கண்ணி

சபையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. எவ்வளவு மெலிந்த கையாக இருந்தாலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று பதினான்கு வருஷமாகப் பெயர் எடுத்தவள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அவளைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

சபையின் ஆர்கன் வாசிப்பவருக்கு இதய வால்வை மாற்ற வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னபோது, போதகரின் மனைவி ஒரு ஜெபச் சங்கிலியை ஏற்பாடு செய்தார். நாற்பது நாள், தினமும் காலை நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை. ஆளுக்குக் கால்மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் ஒரு கண்ணி. ஒருவர் ஆமென் சொன்னதும் அடுத்தவர் முழங்காலில் நிற்க வேண்டும்.

"நடுவுல ஒரு கண்ணிகூட விட்டுப்போகக் கூடாது" என்றார் போதகரம்மா, கையில் அட்டையும் பேனாவுமாக.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையற்காரி, இடுப்பில் கைக்குழந்தையோடு, நாலேகாலுக்குக் கை தூக்கினாள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க ஊசியக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐந்தரைக்குத் தன் கையைத் தூக்கினாள். தூக்கிய கை கீழே இறங்குவதற்குள்ளேயே அவசரப்பட்டுவிட்டோம் என்று தோன்றியது.

ஏனென்றால் அவள் வீட்டின் ஐந்தரை மணி எப்படிப்பட்டது என்பது அவளுக்குத் தெரியும். அடுப்பில் ஒரு பாத்திரம், கையில் சீப்பு, சீப்புக்குக் கீழே பெரியவளின் சிக்குத் தலை. சின்னவள் ஒரு கால் உறையோடு வீடெல்லாம் நொண்டிக்கொண்டிருப்பாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து படுத்த கணவனை ஆறு மணிக்கு முன்னால் எழுப்ப மனசு வராது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது அவன் பொறுப்பு. அவளோ ஆறேகால் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறரைக்கே வாசலில் நிற்பார்கள், பசியில் யாருக்கும் பொறுமை இருக்காது.

முதல் மூன்று நாள் எப்படியோ சமாளித்தாள். ஜெபித்து முடித்ததும் சபையின் வாட்ஸப் குழுவில் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த கண்ணி தொடங்கும். நாலாவது நாள் முழங்காலில் நின்று கண்ணை மூடியதுதான் தாமதம், "அம்மா, என் ஒத்தை ஷூவைக் காணோம்" என்று சின்னவள் வந்து நின்றாள். கட்டிலுக்கடியில் தேடி, துணிக்கூடையைக் கவிழ்த்து, கடைசியில் தலையணை உறைக்குள்ளிருந்து ஷூவை எடுத்தபோது மணி ஐந்து நாற்பத்தைந்து. ஒரு நிமிஷம் கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைகூப்பிய படத்தை அனுப்பிவிட்டாள்.

ஒருநாள்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். ஒருநாள் இரண்டானது, இரண்டு ஐந்தானது. பேருந்தில் நின்றபடி ஜெபிக்கலாம் என்று நினைப்பாள். அங்கே யாராவது தெரிந்தவர் சர்க்கரை அளவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார். முப்பத்தாறு நாள் இப்படியே ஓடியது. கைகூப்பிய படம் மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

நாற்பதாவது நாள், அறுவைச் சிகிச்சை நாளன்றாவது ஒழுங்காக ஜெபித்துவிட வேண்டும் என்று உறுதியெடுத்தாள். அலாரத்தை முன்கூட்டியே வைத்து எழுந்து, பிள்ளைகளின் சாப்பாட்டைக் கட்டிவைத்து, சரியாக ஐந்தரைக்குக் கட்டிலோரம் முழங்காலில் நின்றாள். மெத்தையில் நெற்றியை வைத்து, "ஆண்டவரே" என்றாள். அடுத்து அவள் கண் விழித்தபோது மணி ஆறு ஐந்து. கன்னத்தில் போர்வையின் வரி பதிந்திருந்தது. கைபேசியில் போதகரம்மாவின் செய்தி கிடந்தது. "ஐந்தரை மணி முடிந்ததா?" பதில் யோசிக்க நேரமில்லை. படத்தை அனுப்பிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

மதியம் குழுவில் இன்னொரு செய்தி வந்தது. ரத்தம் கசிவது நிற்கவில்லை, இரண்டாவது தடவையாக உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள், எல்லோரும் இருக்கிற இடத்திலேயே ஜெபியுங்கள் என்று. ஊசியக்கா கையில் பிடித்திருந்த ரத்தக் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு பேர் பிடித்துக்கொண்டிருந்த சங்கிலி தன் இடத்தில் அறுந்துவிட்டது, அந்த வழியாகத்தான் அவருடைய உயிர் கசிந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அப்படி இல்லை என்று புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகரம்மா எழுந்து நின்று, "ஒரு கண்ணிகூட அறுந்துபோகாத சங்கிலி" என்று சொல்லி, அவர் முழுசாகத் தேறும்வரை அதைத் தொடரலாம் என்றும் சொல்ல, சபை முழுக்க ஆமென் என்றது. ஊசியக்கா ஆமென் சொல்லாமல் பாட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்தாள். அன்றிலிருந்து கடைசி வரிசைக்குப் போனாள். ஆசீர்வாதம் சொல்லி முடியுமுன்பே செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவாள். வீட்டிலும் ஜெபிக்க வாய் வரவில்லை, ஐந்தரைக்குப் படம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஆண்டவர் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டு, அவரிடமே போய் எந்த முகத்தோடு பேசுவது?

அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறாவது வாரம், காலைக் கூட்டம் கலைந்து ஓய்ந்த நேரத்தில், பரிசோதனைக் கூடத்தின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஆர்கன்காரர் உள்ளே வந்தார். பாதி ஆளாக மெலிந்திருந்தார். சட்டை, ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது. புது வால்வு வைத்ததால் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாராவாரம் பார்க்க வேண்டுமாம்.

"உன்கிட்டதான் குத்திக்கணும்னு பிடிவாதமா வந்தேன் தங்கச்சி. ஆஸ்பத்திரியில எல்லாரும் என் கையை நிலம் மாதிரி தோண்டிட்டாங்க."

அவள் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. குத்தினாள், வரவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினாள், அங்கேயும் வரவில்லை.

"என்ன, என் நரம்பும் உன்னைப் பார்த்து ஒளிஞ்சுக்கிச்சா?"

ஊசியக்கா பட்டையை அவிழ்த்துவிட்டு, பஞ்சை அவர் கையில் அழுத்தினாள். அப்படியே பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அண்ணே, நான் ஜெபம் பண்ணவே இல்ல. அந்த ஐந்தரை மணி. முதல் மூணு நாள்தான் பண்ணேன். மத்த நாளெல்லாம் சும்மா படத்தை மட்டும் அனுப்பிட்டேன். ஆபரேஷன் அன்னைக்கு முழங்கால்லயே தூங்கிட்டேன். அன்னைக்குத்தான் உங்களுக்கு ரத்தம் நிக்கல."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரத்தம் ஏன் நிக்கலன்னு நான் சொல்றேன், கேளு. ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஆபரேஷனுக்கு அஞ்சு நாள் முன்னாடியே நிறுத்தணும்னு சொல்லியிருந்தாங்க. எனக்கு அது மறந்தேபோச்சு. முந்தின நாள் வரைக்கும் முழுங்கியிருக்கேன். நர்ஸ் வந்து, 'மாத்திரையை நிறுத்திட்டீங்களா'ன்னு கேட்டா. நிறுத்திட்டேன்னு சொன்னேன். இல்லன்னு சொன்னா தேதியைத் தள்ளிப்போட்டுருவாங்களேன்னு பயம். திரும்பவும் மனசைத் திடப்படுத்திக்கிட்டு வர என்னால முடியாது."

"வீட்ல அண்ணிக்குத் தெரியுமா?"

"டாக்டருக்குத் தெரியும். கண்டுபிடிச்சு, நான் கண்ணு முழிச்சதும் வெளு வெளுன்னு வெளுத்துட்டார். உங்க அண்ணிகிட்ட சொல்ற தைரியம் இன்னும் வரல. எல்லாரும் என்னைப் பார்த்து, ஆண்டவர் அதிசயமா காப்பாத்தினார்ங்கிறாங்க. காப்பாத்தினார்தான். யார்கிட்டயிருந்து? என்கிட்டயிருந்துதான்."

ஊசியக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மூக்கை உறிஞ்சினாள்.

"அன்னைக்குக் காலையில நான் ஜெபம் பண்ணின லட்சணத்தையும் கேளு," என்றார் அவர். "கர்த்தர் கத்துக்கொடுத்த ஜெபத்தைச் சொல்ல ஆரம்பிச்சேன். ஆகாரம் கேக்கிற இடம் வந்தது. அன்னைக்குப் பச்சைத் தண்ணிகூடக் கிடையாதுன்னு சொல்லியிருந்தாங்களா, அங்கேயே நின்னுட்டேன். மேற்கொண்டு ஒரு வரி ஞாபகம் வரல. நாற்பது வருஷமா ஆர்கன் வாசிக்கிறவன்."

இப்போது அவள் சத்தமாகவே சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு பட்டையை மறுபடியும் கட்டினாள். இந்தத் தடவை ஒரே குத்து. குழாயில் ரத்தம் தாராளமாக இறங்கியது.

"சரி," என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "நீ போதகரம்மாவுக்குப் போன் போடு. நான் வெளியில போய் உங்க அண்ணிக்குப் போடறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்குவோம்."

அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசியது கதவு வழியாகக் கேட்டது. பேசினார் என்று சொல்வதற்கில்லை. "ஆமா" என்றார். "தப்புதான்" என்றார். வெகுநேரம் கழித்து, "வெச்சிடாத, இன்னும் திட்டு, ஆனா வெச்சிடாத" என்றார்.

உள்ளே ஊசியக்கா போதகரம்மாவிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"ஐந்தேமுக்கால் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார் போதகரம்மா.

"நீங்கதானம்மா."

"உங்க படம் வந்து போன் சத்தம் போட்டாத்தான் நான் படுக்கையை விட்டே எழுந்திருப்பேன். ஆபரேஷன் அன்னைக்கு மட்டும்தான் தானா முழிச்சேன், மத்த நாளெல்லாம் எனக்கு அதுதான் அலாரம். சில நாள் அதுக்கப்புறமும் புரண்டு படுத்திருக்கேன்." குரல் தணிந்தது. "இதை எங்க வீட்டுக்காரர்கிட்டகூட நான் சொன்னதில்ல."

ஊசியக்கா கைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒரு விஷயம் மட்டும் கேக்கிறேன். நீங்க தூங்கினா ஆண்டவரும் தூங்கிடுவாரா?"

"இல்லம்மா."

"அப்ப அந்தப் பயத்தை விடுங்க. பொய் சொன்னது தப்பு, அதைச் சொல்லிட்டீங்க. அந்தப் படம் அனுப்புற வேலையை நான்தான் ஆரம்பிச்சு வெச்சேன். அதை இன்னையோட நிறுத்திடலாம். இப்ப சொல்லுங்க, நிஜமாவே உங்களுக்கு எப்ப நேரம் கிடைக்கும்?"

இதுவரை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. அவளே தன்னிடம் கேட்டதில்லை. ஜெபம் என்றால் விடியுமுன், வீட்டில், முழங்காலில் என்றுதான் சின்ன வயதிலிருந்து மனசில் ஊறியிருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ரத்தக் குழாய்களைச் சுழற்றிப் பிரிக்கிற இயந்திரம் நின்றது. ஒன்பதே முக்காலுக்கு அன்றைய குழாய்களை அதில் அடுக்கி மூடிவிட்டால், பத்து நிமிஷம் யாரும் அதைத் தொடக் கூடாது. அந்தப் பத்து நிமிஷம் அவள் வழக்கமாகக் கைபேசியில் துணி விலை பார்ப்பாள்.

"ஒன்பதே முக்கால். ஆனா பத்து நிமிஷம்தான் இருக்கும்."

"பத்து நிமிஷம் தாராளம். ஐந்தரையை ரிட்டயரான தபால்காரருக்குக் கொடுத்திடறேன். அவர் மூணரைக்கே எழுந்து, என்ன பண்றதுன்னு தெரியாம வீட்டு வாசலைக் கழுவிக்கிட்டிருக்கார்."

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் பெரியவளின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். தலையை மட்டும்தான் பின்னினாள், செய்யாமல் விட்ட வேறெதுவும் மனசில் உறுத்தவில்லை. "ஏம்மா இன்னைக்கு இழுத்துப் பின்னல?" என்று பெரியவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

ஒன்பதே முக்காலுக்குக் குழாய்களை எதிரெதிராக அடுக்கி, மூடியைப் பூட்டி, பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் உறுமத் தொடங்கியது. கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று முதலில் தெரியவில்லை. ரொம்ப நாள் பேசாமலிருந்த ஆளிடம் பேசுவதுபோல் தயங்கி, நடந்ததை நடந்தபடியே சொன்னாள். ஷூ தேடியதைச் சொன்னாள், தூங்கியதைச் சொன்னாள். ஆர்கன்காரருக்காகக் கேட்டாள், அவரை இன்னும் மன்னிக்காத அவர் மனைவிக்காகவும் கேட்டாள். நாலேகாலுக்கு எழுந்த தையற்காரி கொஞ்சம் தூங்க வேண்டும் என்று கேட்டாள்.

கண்ணைத் திறந்து பார்த்தபோது நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. கேட்பதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை. எழுந்து ஏதாவது வேலை பார்க்கலாமா என்று நினைத்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, மீதி ஆறு நிமிஷமும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.