பேர் சொல்லி இழுத்த வலை

கூலி ஒழுங்காகக் கொடுத்தால் ஆள் நிற்கும் என்று நினைப்பவன் கரைவலை இழுத்திருக்க மாட்டான். நான் கட்டைபறிச்சான் குலசிங்கம். கொட்டியாரக் குடாவில் ஸெய்னுதீன் முதலாளியின் வலையை நெடுங்காலம் இழுத்தவன். அந்த மனிதர் எங்களோடு சேர்ந்து கயிறு பிடிப்பார். பிடித்தபடியே அம்பாப் பாட்டு எடுப்பார். பாட்டில் ஒவ்வொருவன் பெயரும் வரும். "யோகலிங்கம் தோள் குடுத்தா கடலும் கூட வருமடா" என்று பாடினால், யோகலிங்கம் காய்ச்சலோடும் வந்து நிற்பான். ஆள் தேடி முதலாளி ஒருநாளும் அலைந்ததில்லை. தங்கள் பெயரும் அந்தப் பாட்டில் வராதா என்று அடுத்த ஊர் இளந்தாரிகள் தாங்களாகவே வந்தார்கள்.

அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் தோணியைக் காப்பாற்றப் போனவர் திரும்பவில்லை. மையித்தும் கரை ஒதுங்கவில்லை.

அடுத்த பருவம் வலையும் கரையும், அவருடைய பிள்ளைகளின் சோறும் தம்பி தாஹிரின் தலையில் விழுந்தன. டவுனில் புடவைக்கடை பார்த்தவர். வெள்ளைச் சாரன் நனையாமல் நின்று, "டேய், சிவத்த சாரன், இழுடா" என்பார். எவன் பெயரும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள மனமும் இல்லை.

முதல் நாளே அது நடந்தது. நாங்கள் அம்பா எடுத்தோம். இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்குக் கடல் பக்கமிருந்து இன்னொரு குரல் கேட்டது. முதலாளியின் குரல்தான். எங்கள் பெயர்களைப் பாடியது. எனக்குப் பயம்தான். ஆனாலும் மறுநாள் நான் போனது அந்தக் குரலுக்காகத்தான்.

தாஹிரிடம் சொன்னோம்.

"மவுத்தானவர் எப்படிப் பாடுவார்? இனி அம்பாவும் வேணாம், ஒண்டும் வேணாம். வாயை மூடிக்கொண்டு இழுங்கடா!"

மூடினோம். கடலும் மூடிக்கொண்டது. பிறகு அங்கே நிற்க எங்களுக்கு என்ன இருக்கிறது? ஒவ்வொருவராக அடுத்த கரைக்கு, இரத்தினசிங்கத்தாரின் வலைக்குப் போக, நாங்கள் சிலபேர்தான் மிஞ்சினோம்.

ஒரு காலை வலை நிறையப் பாரை மீன். இழுக்கத்தான் கையில்லை. நீரோட்டம் வலையை வெளியே இழுக்க, கயிறு எங்கள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. வலை போனால் எல்லாம் போச்சு. அடுத்த கரையில் எங்கள் பழைய ஆட்கள் தங்கள் மீனைப் பிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"அவங்களைக் கூப்பிடுங்கோ முதலாளி! பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ!"

"ஒருத்தன்ட பேரும் எனக்குத் தெரியாதே!" என்று அலறினார் தாஹிர்.

அப்போது கடலுக்குள்ளிருந்து மெதுவாக வந்தது: "யோகலிங்கம்."

தாஹிரின் முகம் வெளிறியது. அவருக்கும் கேட்டுவிட்டது. தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து, "யோகலிங்கம்!" என்று கத்தினார்.

"அப்துல் மஜீத், புயலுக்கும் பிடி விடாதவன்" என்றது கடல். அவரும் அப்படியே சொன்னார். அந்தக் கரையில் தலைகள் திரும்பின. மஜீத் மீனைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பெயர் கேட்ட ஒவ்வொருவனும் வந்தான். எங்களோடு ஒருநாளும் இழுக்காத இரண்டு பேரும் கூடவே வந்து கயிற்றில் தொங்கினார்கள்.

வலையின் மடி கரை தட்டும்போது கடல் கடைசியாக ஒரு பெயர் சொன்னது.

"தாஹிர்."

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கயிற்றில் முகத்தை வைத்துச் சின்னப்பிள்ளைபோல அழுதார்.

அந்தப் பெயரை அவருக்காக நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம். அதன்பிறகு கடலிலிருந்து யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.