வெறுங்குழாய்

நெய்வேலிக்கு வெளியே, பெயின்ட்டில் கலக்கும் தின்னர் தயாரிக்கும் ஆலையின் வேலியில் பன்னிரண்டு கம்பங்கள். ஒவ்வொன்றிலும் விரல் நீளக் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு, பதினைந்து நாள் கழித்துக் கழற்றி லேபுக்கு அனுப்புவது எங்கள் வேலை. காற்றில் பென்சீன் என்ற விஷ ஆவி எவ்வளவு என்று அது சொல்லும். முதல் ஆறு கம்பம் என் பொறுப்பு, மீதி வெண்மதியுடையது.

நான் கான்ட்ராக்டில் ஒன்பது வருடம். அவள் கம்மாபுரத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் சூப்பர்வைசர் பதவிக்கு மேனேஜர் சிங்காரவேலு அவள் பெயரைத்தான் எழுதியிருந்தார். குழாயில் ஒட்டும் சீட்டில் அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். எனக்கு வயிறு எரிந்தது. அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால்கூட எரிந்தது.

எங்கள் இருவர் பையிலும் மூடி திறக்காத வெறுங்குழாய் ஒன்று கூடவே போய்வரும். அதில் எதுவும் ஏறியிருக்கக் கூடாது. ஏறியிருந்தால் அந்தப் பையில் உள்ள அத்தனை குழாயும் செல்லாது.

அன்று அவள் டீ குடிக்கப் போனாள். அவள் பையிலிருந்த வெறுங்குழாயை நான் எடுத்து மூடியைத் திறந்து, வண்டி ஷெட்டில் ஒரு பைக்கின் பெட்ரோல் டேங்க் ஓரம் கால் மணி நேரம் வைத்தேன்; பெட்ரோல் ஆவியிலும் பென்சீன் உண்டு. பிறகு மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் கம்பம் எங்கள் தெருவுக்கு நேர் பின்னால் என்பது எனக்குத் தெரியாததல்ல. மகளுக்கு ஆறு மாதமாக மூச்சிழுப்பு. ஆலை வாடைதான் காரணம் என்று தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி மனு கொடுத்ததே என் வீட்டுக்காரர் பிராங்க்ளின்தான். மாதக் கடைசியில் விசாரணை. ஆனால் ஒன்பதில் இதுவரை எதுவும் வந்ததில்லை. ஒரு தடவை அது செல்லாமல் போனால் என்ன என்று நினைத்தேன்.

லேப் ரிப்போர்ட் வந்த அன்றே சிங்காரவேலு அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, வெண்மதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆனிக்கா, ஒம்பதாம் கம்பத்துல பென்சீன் இருக்கவேண்டிய அளவுக்கு நாலு மடங்கு ஏறிக் கெடந்துச்சாம். ஒங்க பாப்பா மூச்சு வாங்கிக்கினு கெடந்ததுக்கு அதான் சாட்சி. நான் வெறுங்குழாய் மூடிய சரியாத் திருவாம எடுத்தாந்து எல்லாத்தையும் செல்லாமப் பண்ணிட்டேன். விசாரணையில காட்ட முடியாதாம். மன்னிச்சிடுங்க.”

சொல்லிவிட்டு அழுதாள்.

“விடு, வேணும்னேவா செஞ்ச” என்றேன்.

அப்போதும் அவள்தான் நல்லவளாக இருந்தாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.