தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கோச்

தாம்பரம் மைதானத்தில் ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது நடுவர் விசில் ஊதி, எதிரணிக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் என்று கை காட்டினார்; கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து ஒருவன் அடிக்கும் பந்து. எல்லைக்கோட்டில் தண்ணீர் டிரம் அருகே நின்றிருந்த கோச் ஜெபராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். 1988ஆம் வருஷத்து ஹாக்கி இறுதியாட்டம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். இந்தப் பந்து உள்ளே போனால் கோப்பை போனது.

பன்னிரண்டு வருஷம் கோல் காத்த மனிதர். முழங்கால் போனதும் குரோம்பேட்டைத் தொழிற்சாலை ஒன்று கூப்பிட்டுக் கோச் ஆக்கியது. மூன்று வருஷமாக ஒரு கோப்பையும் வரவில்லை. "இந்தத் தடவையும் இல்லேன்னா டீமைக் கலைச்சிடுவோம் சார், நீங்க ஸ்டோர்ஸுக்குப் போயிடுங்க" என்று மானேஜர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மைதானம் இல்லாத வாழ்க்கையை நினைத்தாலே ஜெபராஜுக்கு மூச்சு முட்டியது.

எதிரணியில் ஸ்ட்ரோக் அடிக்க வந்தவன் தசரதன். பழைய டீமில் ஜெபராஜோடு ஆடியவன், தினமும் பயிற்சி முடிந்தபின் அவருக்கு எதிராகப் பத்துப் பந்து அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். நெருக்கடி என்றால் கோல்கீப்பரின் வலது காலோரம்தான் தள்ளுவான். "யோசிக்காதே, வலது பக்கம் பாய்ஞ்சிடு" என்று தம் கோல்கீப்பர் சிட்டிபாபுவுக்கு இடைவேளையிலேயே ஓதியாயிற்று.

தசரதன் பந்தை வைத்துவிட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் கண்ணை ஓட்டினான். ஜெபராஜுக்குப் பகீர் என்றது. தம்மைப் பார்த்தால், இவருக்கு நம் குட்டு தெரியுமே என்று பக்கத்தை மாற்றிவிடுவானே! சட்டென்று தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குந்திவிட்டார். ஆட்டம் முழுக்க அதே இடத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர் தாம்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. பயம் வந்தால் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

"கோச் சார்! எங்க சார் கீறீங்க?"

சிட்டிபாபுவின் குரல். எந்த ஸ்ட்ரோக்குக்கும் முன்னால் கோச் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் குனிவான். எழுந்தால் தசரதன் பார்ப்பான், எழாவிட்டால் பையன் பயப்படுவான். ஜெபராஜ் முழங்கால் வலியோடு அப்படியே இருந்தார். ஆண்டவரே, ஆண்டவரே என்று உதடு மட்டும் அசைந்தது.

விசில். கோல் பலகையில் பந்து மோதும் சத்தம். எதிர்ப்பக்கம் ஒரே கூச்சல்.

எழுந்து பார்த்தார். பந்து கோல்கீப்பரின் வலது பக்க மூலையில் கிடந்தது. சிட்டிபாபு நட்ட நடுவில் அசையாமல் நின்றிருந்தான்.

"நீங்க காணோமேன்னு பேஜாராப் பூட்ச்சு சார். பிளானு மாறிப்போச்சோன்னு நின்னுட்டேன்."

ஆட்டம் முடிந்ததும் தசரதன் வந்து ஜெபராஜின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாண்ணா, டிரம்முக்குப் பின்னால போய்க் குந்திக்கினியே? நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். நீ நேரா நின்னிருந்தாலும் எனக்கு அந்தப் பக்கந்தாண்ணா வரும். வேற பக்கம் அடிக்கவே தெரியாது."