பக்கத்து அறை அக்காவின் தாள்

“அந்தத் தாளைத் திருப்பிக் குடுங்க சார்” என்றேன். பெரிய இடத்தில் கொடுத்ததைத் திரும்பக் கேட்காதே என்று சொல்லித்தான் அப்பா என்னைப் படிக்க அனுப்பினார்.

மாணவர் நல அதிகாரி சிரித்தார். “இதைப் போடப்போற மாணவர் கையேட்டுல உன் பேரும் வரும்மா. இவ்வளவு மலிவா சாப்பிட முடியும்னா சாப்பாட்டு உதவித்தொகையே வேண்டாம்னு மேல சொல்லிடலாம்.”

அது என் தாளே இல்லை. முதல் வருடம், இந்த ஊர் விலைக்குப் பயந்து தண்ணீர் குடித்துப் படுத்த என்னிடம் விடுதியில் பக்கத்து அறை அக்கா கொடுத்தது. மலிவாகச் சாப்பிடும் வழிகள் ஐந்தாறு பேரின் கையெழுத்தில் அதில் இருந்தன. கடை மூடும் நேரத்தில் ரொட்டி பாதி விலை. அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் அரைச் சாப்பாடு கேள், கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். அந்த அரைச் சாப்பாட்டை நானும் அக்காவும் பங்கிட்டு, சிரித்துச் சிரித்துப் புரையேறிய மாலைகளுக்குக் கணக்கே இல்லை. படிப்பு முடிந்ததும் ஒரு வரி சேர்த்து அடுத்தவளிடம் கொடுப்பதுதான் வழக்கம். எல்லாருக்கும் உதவட்டும் என்று நான்தான் புத்திகெட்டு இங்கே கொடுத்தேன்.

“வயித்துக்கு இல்லாம தேடினது சார் இது. நீங்க வயித்துல அடிக்க இல்ல.”

“பட்டம் வாங்கினதும் வாய் நீளுதே.”

மேசையிலிருந்த தாளை எடுத்து மடித்தேன்.

“நகல்கூட எடுக்கலையேம்மா” என்றார்.

“நல்லதாப் போச்சு சார்.”

விடுதிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்காக நான் சேர்க்க வேண்டிய வரி கிடைத்துவிட்டது: ‘உதவித்தொகையை வெட்கப்படாமல் கேட்டு வாங்கு.’ பேனாவைத் தேடிக்கொண்டே வெளியே நடந்தேன்.