முந்நூற்று அறுபத்துநாலில் ஒரு குழி

பொண்டாட்டி என்னை விட்டு விலகிட்டான்னு நான் முடிவு கட்டியிருந்த மாசம் அது. ஜெபகனிக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டாவ. எனக்கு அப்படித் தோணல. கொழுப்புன்னுதான் தோணிச்சு.

பின்ன என்னவே? ஏரல்ல தங்கச்சி வீட்டுக்குன்னு போயி ஒரு வாரம் கழிச்சு வந்தவ, நேரா பின்னறைக்குள்ள போயி பத்தமடைப் பாயைத் தனியா விரிச்சுக்கிட்டா. தட்டு தனி, டம்ளர் தனி, துணி துவைக்கது தனி. சமையலை மருமககிட்ட விட்டுட்டா. நாலு மாசத்துப் பேரன் இவ குரல் கேட்டாலே காலை உதைப்பான். இவ ஆறடி தள்ளிக் கதவோரமா நின்னு, கண்ணை எடுக்காம அவனையே பாத்துக்கிட்டிருப்பா. கூப்பிட்டாலும் கிட்ட வரமாட்டா. அந்த நிப்பைப் பாத்தா எனக்கே முதுகு சில்லிட்டுப் போவும்.

கேட்டா, "கழுத்துல ஆபரேஷன் பண்ண இடம் இன்னும் வலிக்கு"ன்னா. மூணு மாசத்துக்கு முன்னால ஒரு கட்டியை எடுத்தாவ. சாதாரணக் கட்டின்னு அவதான் சொன்னா. நானும் அதோட விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம். வியாழக்கிழமை காலையில எனக்குப் பொறுமை போயிட்டு. "சபை முன்னால நீ பிள்ளையைக் கையில வாங்கணும். வாங்கலன்னா ஏரலுக்கே போயிரு, இந்த வீட்டுப் படி ஏறாத"ன்னு கத்திட்டேன். அவ என் தூக்குச்சட்டியைப் பச்சைத் துண்டுல சுத்தி, முடிச்சுப் போட்டு, வாசப்படியில வச்சுட்டு உள்ள போயிட்டா. சமைக்கதை விட்டாலும் அந்த முடிச்சை மட்டும் அவ விடல. மருமக கட்டினா வண்டியில அவுந்துரும்.

நான் பாக்கியசீலன். பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல இருபத்திரெண்டு வருசமா இயற்பியல் ஆய்வக உதவியாளன். காமா கதிர் அளக்குத மிஷின் என் பொறுப்பு. அதுல படிக்கதுக்குப் பெரிய மூளை வேண்டாம். அணுக்கரு ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு படிக்கட்டு இருக்கு. மேல்படியில நிக்குத கரு அங்கன நிலைச்சு நிக்காது, இறங்கும். இறங்கும்போது அந்தப் படி உயரத்துக்குச் சரியா ஒரு கதிரை விடும். படி உயரம் கருவுக்குக் கரு வேற, ஆனா ஒரு கருவுக்கு என்னைக்கும் மாறாது. திரையில எந்த எண்ணுல கூம்பு எழும்புதுன்னு பாத்தா எது இறங்குதுன்னு சொல்லிரலாம்.

அளக்கதுக்கு முன்னால ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில கதிர் மூலங்களை ஈயப்பெட்டியில பூட்டிட்டு, வெறும் அறையை ஆயிரம் நொடி அளந்து வைப்பேன். செங்கல்லுல, மண்ணுல, வானத்துல இருந்தெல்லாம் கொஞ்சம் கதிர் வரும்லா? அதுதான் பின்னணி. மத்தியானம் மாணவங்க எதை அளந்தாலும் அதுல இருந்து இந்தப் பின்னணியைக் கழிச்சிருவோம்.

ரெண்டு வாரமா கழிச்சா குழி விழுந்துது. ஒண்ணுமில்லாத இடத்துல கோடு சைபர்ல ஓடணும். இதுல முந்நூத்தி அறுபத்துநாலு வந்ததும் சைபருக்கும் கீழ இறங்கி, கூம்பைக் கவுத்த மாதிரி விழுந்து, மறுபடி ஏறிச்சு. நான் மிஷினைத் தட்டினேன், வயரை மாத்தினேன், மாணவங்களை ஏசினேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் எம்.எஸ்ஸி. படிக்குத கலைச்செல்வி திரையைப் பாத்துக்கிட்டே பைய சொன்னா. "அண்ணாச்சி, மிஷின் சரியாத்தான் இருக்கு. காலையில இந்த அறையில ஏதோ இருக்கு. மத்தியானம் அது போயிருது. அதான் கழிக்கும்போது கூடுதலா கழிஞ்சு குழி விழுது."

"என்கூட நான்தான் இருக்கேன். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு"ன்னேன். சொல்லிட்டேனே தவிர, பூட்டின அறையில தெனமும் என்கூட ஒண்ணு இருந்துட்டுப் போவுதுன்னு நினைச்சதும் கைமயிர் நட்டுக்கிட்டு.

பழைய நோட்டைப் புரட்டுனோம். முத நாளு குழி ஆழம் எண்ணூறு. எட்டு நாள் கழிச்சு நானூத்திச் சொச்சம். இன்னைக்கு இருநூறு. எட்டு நாளைக்கு ஒருக்கா பாதி. கலைச்செல்வி அட்டவணையில விரலை வச்சா. கதிரியக்க அயோடின். அது சிதைஞ்சு செனான் வாயுவா மாறும்போது, புதுக் கரு மேல்படியிலதான் பிறக்கும், இறங்கும்போது முந்நூத்தி அறுபத்துநாலை விடும்.

"நம்ம காலேஜ்ல அயோடினே கிடையாதே அண்ணாச்சி. கழுத்துல தைராய்டு புத்துநோய் வந்தவங்களுக்கு ஆஸ்பத்திரியில குடுப்பாங்க. குடிச்சவங்க வேர்வையில, எச்சில்ல எல்லாம் வருமாம்."

என் கண்ணு மிஷினுக்குப் பின்னால இருந்த வெறும் ஆணிக்குப் போச்சு. அந்த அறைக்குள்ள சாப்பாடு கொண்டுபோகக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா வெளிய எறும்பு மொய்க்கும்னு, இருபத்திரெண்டு வருசமா மிஷினுக்குப் பின்னால ஆணியிலதான் என் தூக்குச்சட்டி தொங்கும். மத்தியானம் தின்னு முடிச்சா வண்டிப் பெட்டிக்குப் போயிரும்.

போயி எடுத்துட்டு வந்தேன். சட்டியை மட்டும் வச்சோம், ஒண்ணுமில்ல. பச்சைத் துண்டை வச்சோம். முந்நூத்தி அறுபத்துநாலுல கூம்பு பைய எழும்பிச்சு.

சொல்லாம கொள்ளாம, கதிர் பட்டா டிக்குன்னு அடிக்குத கையடக்கக் கவுண்டரைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். முன்னறையில அது எப்பவாவது டிக்குன்னுது. தொட்டில் பக்கம் அதே மாதிரிதான். பின்னறை வாசல்ல கொஞ்சம் கூடிச்சு. உள்ள ஆளில்ல. சுருட்டி வச்ச வெறும் பாய்கிட்ட கொண்டு போனேன், அது விடாம அடிக்க ஆரம்பிச்சுட்டு. பாய்க்குப் பக்கத்துல ஒரு பை. அவ சேலையெல்லாம் மடிச்சு உள்ள இருந்துது.

"அங்கனயே நில்லுங்க." கொல்லைக் கதவுல ஜெபகனி நிக்கா. என் கையில இருந்ததைப் பாத்ததும் அவளுக்கு விளங்கிட்டு. "திங்கக்கிழமை வரைக்கும் பிள்ளையைத் தொடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காவ. ஞாயித்துக்கிழமை என்னால வாங்க முடியாது. நான் ஏரலுக்கே போயிருதேன்."

"ஏரல்ல இல்லையேளா நீ அந்த வாரம். ஆஸ்பத்திரியிலல்லா கிடந்திருக்க. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க அண்ணன் சாலமோன் இதே வியாதியில ஏழு மாசம் கிடந்தாவ. ஒரு நாளாவது போய்ப் பாத்தியளா?"

பாக்கல. பயம். அடக்கத்துக்குத்தான் போனேன். சொல்லிக்கிட வெக்கமாத்தான் இருக்கு.

"சரியாயிருமா?"

"அடுத்த மாசம் பாத்துட்டுத்தான் சொல்லுவாவளாம். பரவியிருந்தா மறுபடி குடிக்கணும்."

நான் கவுண்டரை அணைச்சு முன்னறைப் பக்கமா வச்சேன். பைக்குள்ள இருந்த சேலையை ஒவ்வொண்ணா எடுத்துக் கொடியில போட்டேன். "ஞானஸ்நானத்தை ஒரு வாரம் தள்ளி வச்சுக்கிடலாம். நீதான் வாங்கணும்"னேன். அவ சுவரோரமா உக்காந்துட்டா. நான் பக்கத்துல போயி உக்காந்தேன்.

"எட்டப் போங்க"ன்னு நகந்தா. நானும் நகந்தேன். மறுபடி நகந்தா. மூலைச் சுவரு வந்துட்டு, அதுக்கு மேல அவளுக்குப் போவ இடமில்ல.