பைட் என்றொரு ஐந்தெழுத்து

கடைசிக் கேள்வி வரை இரண்டு மேசைகளும் சமமாகவே இருந்தன. ஒன்று மேட்டுத் தெருக்காரர்களுடையது. மற்றது துறைமுகத்துப் பெண்கள் நால்வருடையது, அதற்குத் தலைவி நோரீன் வெரில். உயிர்காப்புப் படகுக் கொட்டகைக்குக் கூரை போடப் பணம் திரட்டுவதற்காக, 1987 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம், தேவாலயக் கூடத்தில் நடந்த வினாடி வினாப் போட்டி அது.

நடுவர் ஆஸ்க்வித் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கிலிருந்து வந்து மேட்டில் வீடு வாங்கி மூன்று வருஷமாகிறது.

"அஞ்செழுத்து வார்த்தைங்க. கடைசி நாலு எழுத்து ஐ, ஜி, ஹெச், டி. எத்தனை தெரியுதோ எழுதுங்க. ரெண்டு நிமிஷம்."

லைட், நைட், ரைட், ஃபைட், டைட், சைட், மைட், எய்ட். இரண்டு மேசையிலும் இந்த எட்டும் வந்துவிட்டன. நோரீன் மட்டும் ஒன்பதாவதாக முன்னால் ஒரு பி போட்டு எழுதியிருந்தாள். பைட்.

ஆஸ்க்வித் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மிஸஸ் வெரில், கடிக்கிற பைட்டுக்கு பி, ஐ, டி, இ. நாலே எழுத்து."

"கடிக்கிறது இல்ல சார். கயித்துல வர்றது."

"கயித்துலயா?"

நோரீனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மேடைத் திரையின் கயிற்றை அவிழ்த்து, இரண்டு முனையையும் பிடித்து நடுவைத் தொங்கவிட்டாள். "இந்த ரெண்டு முனைக்கும் நடுவுல தொய்ஞ்சு வளைஞ்சு கெடக்கு பாருங்க, இதான் பைட்."

"அதை நாங்க லூப்னு சொல்லுவோம்."

"நீங்க சொல்லுவீங்க!"

அவர் சட்டைப்பையிலிருந்து கையடக்க அகராதியை எடுத்துப் புரட்டினார். "பிக். அடுத்தது பிகாட். நடுவுல ஒண்ணும் இல்லம்மா."

"உள்ளங்கை அகலப் புஸ்தகத்துல கடல் அடங்குமா சார்?"

கூடம் சிரித்தது. துறைமுகத்து ஆண்கள் பின்வரிசையில் நெளிந்தார்கள். தினம் நாலு தடவை வாயில் புழங்கும் சொல்தான். ஆனால் அதை எப்படி எழுதுவது என்று கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. நோரீன் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? சொல்லுங்களேன்டா!"

"வார்த்தை இருக்கு சார்," என்றான் ஒருவன் தலையைச் சொறிந்தபடி. "எழுத்துதான்... நாங்க எங்க எழுதினோம்!"

ஆஸ்க்வித் பொறுமையாகவே கேட்டார். "சரி மிஸஸ் வெரில். இந்த ஸ்பெல்லிங்கை நீங்க எங்க பார்த்தீங்க?"

நோரீன் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். மேசையில் பக்கத்தில் இருந்த நாத்தனார் பெரில் இடித்தாள். "சொல்லேன்டி!"

"நீ சும்மா இரு, பெரில்."

"நீ சொல்லலைன்னா நான் சொல்றேன். டேய் வில்ஃப், எழுந்து உன் காலைக் காட்டுடா!"

"பெரில்! இன்னொரு வார்த்தை பேசினே, இந்தக் கயித்தாலயே உன் வாயைக் கட்டுவேன்!"

தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த வில்ஃப் கோப்பையைக் கீழே வைத்தான். நோரீனின் கணவன், அதிகம் பேசாதவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சிங்கி இறால் கூடுகளைக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஓடும் கயிற்றின் வளைவுக்குள் காலை வைத்துவிட்டான். கூடுகளின் கனம் அவனைக் கடலுக்குள் இழுத்துப் போனது. ஆள் திரும்பி வந்தான், இடது முழங்காலுக்குக் கீழே திரும்பவில்லை. அந்த நாளைப் பற்றி அவன் வீட்டில்கூட வாய் திறந்ததில்லை.

"விசாரணை அறிக்கைல இருக்கு சார்," என்றான். "ரெண்டாம் பக்கம். கயித்தோட பைட்டுக்குள்ள நின்னதால நடந்த விபத்துன்னு. பி, ஐ, ஜி, ஹெச், டி."

ஆஸ்க்வித்தின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிக்கணும், எனக்குத் தெரியாது. அந்த மதிப்பெண்ணைக் குடுத்துடறேன்."

அதுதான் நோரீனுக்குப் பொறுக்கவில்லை. "வேணாம்! வார்த்தை சரின்னா குடுங்க. அவரு காலுக்காக யாரும் எனக்கு மார்க் போட வேணாம். உங்க வீட்ல பெரிய அகராதி இருக்குமில்ல?"

"இருக்கு. ரெண்டு தொகுதி."

"பி எதுல வருதோ அதக் கொண்டாங்க. நாங்க இங்கேயேதான் இருப்போம்."

மனிதர் உண்மையிலேயே போனார். நூற்றுச் சொச்சம் படிகள், அறுபத்தெட்டு வயது. முக்கால் மணி நேரம் கழித்து, தலையணை அளவுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். மேசையின் மேல் வைத்துத் திறந்து, விரலை ஓட்டி, நிறுத்தினார்.

"கயிற்றின் தொய்ந்த வளைவு," என்று உரக்கப் படித்தார். "கடற்கரை வளைவுக்கும் இதே பேருதான். மிஸஸ் வெரில், முப்பத்தோரு வருஷம் பாடம் எடுத்திருக்கேன். எனக்கு இது தெரியலை."

"இப்பத் தெரிஞ்சுதுல்ல, உக்காருங்க. யாராவது அவருக்கு டீ குடுங்கப்பா, மனுஷன் விழுந்துடப் போறாரு."

ஒரு மதிப்பெண்ணில் துறைமுகத்து மேசை ஜெயித்தது. பெரில் மேசைமேல் ஏறிக் கத்தினாள். நோரீனுக்கு ஏனோ கத்தத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், மீன் கொட்டகை தாண்டியதும் வில்ஃப் நின்றான்.

"அந்த அறிக்கையை எரிச்சுடுன்னு சொன்னேனே."

"சொன்னே."

"எரிக்கலையா?"

"இல்ல. மாவு டப்பாவுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறே. அன்னிக்கு உனக்கு என்ன நடந்துதுன்னு நான் வேற எங்க போய்த் தெரிஞ்சுக்கறது?"

வில்ஃப் பக்கத்தில் இருந்த கல்சுவரில் மெல்ல உட்கார்ந்து, தனக்குப் பக்கத்தில் கையால் தட்டினான்.

"உக்காரு," என்றான். "அதுல பாதிதான் எழுதியிருக்கான்."